பிஒய்டி: கைபேசி பேட்டரியிலிருந்து காருக்கு வந்த வழி

சீனக் கார் நிறுவனமான பிஒய்டி 2024-ல் விற்ற வாகனங்கள் 42.7 லட்சம். மொத்த வருவாய் 77,710 கோடி யுவான். அந்த ஆண்டு டெஸ்லாவின் வருவாயை அது தாண்டியது என்பதோடு பெரும்பாலான செய்திகள் நின்றுவிட்டன. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஏறத்தாழ 16,000 கோடி யுவான் கார் விற்று வந்த பணமே அல்ல. கைபேசி, டேப்லெட் போன்றவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததிலும், அவற்றைப் பூட்டிக் கொடுத்ததிலும் வந்தது. பிறர் பெயரில் விற்கும் பல கைபேசிகளின் உலோகச் சட்டமும் உள்ளிருக்கும் பேட்டரியும் இந்த நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து போகின்றன.

“பேட்டரி தெரிந்த கம்பெனி, அதனால் மின்சாரக் கார் செய்தது” என்று இந்த வளர்ச்சியை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். 2003-ல் கார் தொழிலுக்குள் வந்த பிஒய்டி முதலில் விற்றது பெட்ரோல் கார். அடுத்த பத்தாண்டுகளுக்கும் அதன் விற்பனையில் பெரும்பகுதி பெட்ரோல் கார்தான். கைபேசித் தொழிலிலிருந்து காருக்கு இடம் மாறியது பேட்டரி மட்டுமல்ல, உற்பத்தி செய்யும் முறையும் சேர்த்து: எந்தப் பொருளையும் சிறு வேலைகளாக உடைப்பது, பாகத்தையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும் கூடியவரை சொந்தமாகச் செய்வது, கிடைத்த திறனை அடுத்த பொருளுக்குத் திருப்புவது. நிறுவனத்தை உயர்த்திய முறையும் இதுதான், இரண்டு தடவை நெருக்கடியில் தள்ளிய முறையும் இதுதான்.

கையுறைப் பெட்டிக்குள் பேட்டரி

வாங் சுவான்ஃபூ 1966-ல் ஆன்ஹுய் மாகாணத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். படித்தது உலோக வேதியியல். பெய்ஜிங்கில் இரும்பு அல்லாத உலோகங்களுக்கான அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1995-ல் ஒன்றுவிட்ட சகோதரர் லூ சியாங்யாங்கிடம் 25 லட்சம் யுவான் வாங்கி, சுமார் 20 பேரோடு ஷென்சென் நகரில் பிஒய்டியைத் தொடங்கினார். முதல் பொருள் நிக்கல் காட்மியம் பேட்டரி. அன்று ரீசார்ஜ் பேட்டரிச் சந்தை முழுக்க சான்யோ, சோனி, மட்சுஷிடா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் கையில் இருந்தது.

ஜப்பானியர்களின் உற்பத்தி லைன்கள் முழுத் தானியங்கி. அதை விலைக்கு வாங்கும் வசதி வாங்கிடம் இல்லை. ஆகவே லைனைப் பிரித்தார். மின்முனைத் தகட்டில் மருந்து பூசுவது, உலர்த்துவது, அழுத்துவது, வெட்டுவது, சுருட்டுவது, டப்பாவில் இறக்குவது, மின்பகு திரவம் நிரப்புவது, மூடுவது, முதல் சார்ஜ் ஏற்றுவது, தரம் பிரிப்பது என்று ஒவ்வொன்றும் தனி வேலை. இவற்றில் இயந்திரம் இல்லாமல் முடியாத இடத்தில் மட்டும் இயந்திரம். மற்ற இடங்களில் ஆளும், கை தவறாமல் பிடித்து நிறுத்தும் ஜிக்கும்.

லித்தியம் அயான் பேட்டரிக்குப் போனபோது இந்த முறைக்குப் பெரிய சோதனை வந்தது. அதன் மின்பகு திரவத்தில் கரைந்திருக்கும் லித்தியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் என்ற உப்பு, ஈரம் பட்டால் சிதைந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைத் தரும். அமிலம் மின்முனையை அரிக்கும், செல் உப்பும், ஆயுள் போய்விடும். அதனால்தான் ஜப்பானிய ஆலைகளில் கூடம் முழுவதையும் உலர் அறையாக வைத்தார்கள். காற்றில் உள்ள ஈரம் மைனஸ் 40 டிகிரியில்தான் பனியாகப் படியும் என்ற அளவுக்கு உலர்த்துவது வழக்கம். அதற்கான கட்டடமும் ஈரநீக்கி இயந்திரங்களும் ஓயாத மின்செலவும் மிகப் பெரிது. பிஒய்டி கூடத்தை விட்டுவிட்டு, வேலை நடக்கும் இடத்தை மட்டும் உலர்த்தியது. ஒளி ஊடுருவும் மூடிய பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள், பக்கத்தில் பதித்த நீண்ட ரப்பர் கையுறைகள். தொழிலாளி வெளியே நின்று கையை உள்ளே நுழைத்து வேலை செய்வார்.

இதில் பணம் மிச்சம் என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய ஆதாயம் வேறொன்று. கைபேசி மாடல் சில மாதங்களுக்கு ஒரு முறை மாறும். மாடல் மாறினால் பேட்டரியின் நீள அகலம் மாறும். தானியங்கி லைனில் அந்த மாற்றம் பெரிய வேலை. ஆள் லைனில் ஜிக்கை மாற்றி, ஒரு பயிற்சி கொடுத்தால் போதும். இந்த நெகிழ்வுதான் 2000-ல் மோட்டோரோலாவையும் 2002-ல் நோக்கியாவையும் பிஒய்டியிடம் கொண்டுவந்தது.

கை வேலையின் குறை, ஒரு செல்லுக்கும் மறு செல்லுக்கும் இடையே வரும் வேறுபாடு. தகடு வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றாலோ, உலோகத் தூசி ஒன்று உள்ளே மாட்டினாலோ, சில மாதங்கள் கழித்து பிரிப்பான் தாள் ஓட்டையாகி செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு, கடைசியில் எல்லா செல்களையும் சார்ஜ் ஏற்றிச் சில நாட்கள் கிடப்பில் வைத்து, மின்னழுத்தம் இறங்குவதை அளந்து கழிப்பது என்று பல வடிகட்டிகள் தேவைப்பட்டன. மலிவான உழைப்பு கிடைத்தவரைதான் இந்தக் கணக்கு செல்லும். பிற்காலத்தில் பிஒய்டியே தன் பேட்டரி ஆலைகளை முழுத் தானியங்கிக்கு மாற்றிக்கொண்டது.

சான்யோ 2002-ல் அமெரிக்காவிலும், சோனி அடுத்த ஆண்டு ஜப்பானிலும் காப்புரிமை வழக்குப் போட்டன. இரண்டும் 2005-ல் முடிந்தன. சான்யோவுடன் சமரசம், சோனி வழக்கில் பிஒய்டிக்கு வெற்றி.

ஒரு பேட்டரி ஆலை ஏன் கார் ஆலை வாங்கியது?

2002 ஜூலையில் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலான பிஒய்டி, ஆறு மாதம் கழித்து, 2003 ஜனவரியில், சியான் நகரத்தின் சின்சுவான் ஆட்டோமொபைல் என்ற சிறிய அரசு நிறுவனத்தின் 77 சதவீதப் பங்கை சுமார் 27 கோடி யுவானுக்கு வாங்கியது. பேட்டரிக்கென்று பணம் போட்டவர்கள் கொதித்தார்கள். பங்கு விலை சில நாட்களிலேயே கடுமையாக விழுந்தது.

சின்சுவானிடம் சிறப்பான கார் எதுவும் இருக்கவில்லை. இருந்தது உரிமம். சீனாவில் கார் செய்ய அரசின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். புதிதாக நுழைபவருக்கு அது எளிதில் கிடைக்காது. அதே ஆண்டில் பெய்ஜிங்கில் ஒரு கார் மோல்டு தொழிற்சாலையையும் பிஒய்டி வாங்கியது. என்னைக் கேட்டால், உரிமத்துக்கு அடுத்தபடியாக அந்த ஆண்டின் முக்கியமான கொள்முதல் அதுதான். கைபேசி உறைக்கும் சரி, கார் கதவுக்கும் சரி, நேரமும் பணமும் விழுங்குவது பிளாஸ்டிக்கை வார்க்கும் மோல்டும், தகட்டை அழுத்தி வடிவாக்கும் டையும். டையைக் குடைவது இயந்திரம். ஆனால் கடைசியில் தேய்த்து, ஒட்டிப் பார்த்து, மீண்டும் தேய்த்து முடிப்பது தேர்ந்த ஆள். அந்த ஆள் கூலியில்தான் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் அன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 2010-ல் ஜப்பானின் புகழ்பெற்ற டை நிறுவனமான ஒகிஹாராவின் டடெபயாஷி ஆலையையும் பிஒய்டி வாங்கியது.

சொந்தமாக வடிவமைத்த முதல் காரை டீலர்கள் பார்த்து உதட்டைப் பிதுக்கியதால், சந்தைக்கு அனுப்பாமலே கைவிட்டார்கள். அடுத்து வந்த எஃப்3, 2005 செப்டம்பரில் 73,800 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு டொயோட்டா கொரோலாவின் சாயல் அப்பட்டமாக இருந்தது. இன்ஜின் மிட்சுபிஷி தொழில்நுட்பம். அசல் படைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அளவு கார் அந்த விலையில் வேறு இல்லை. கண்ணாடியும் டயரும் தவிர மற்றதை நாங்களே செய்கிறோம் என்று நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 2009-ல் மொத்தம் சுமார் 4.48 லட்சம் கார்கள் விற்றன.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் துணை நிறுவனம் ஒரு பங்குக்கு 8 ஹாங்காங் டாலர் வீதம் 22.5 கோடி பங்குகளை, சுமார் 23 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பஃபெட்டின் கூட்டாளி சார்லி மங்கர் வற்புறுத்திச் செய்த முதலீடு அது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எஃப்3டிஎம், பெருமளவு உற்பத்திக்கு வந்த உலகின் முதல் பிளக்-இன் ஹைப்ரிட் (பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும்) கார். விலை 1,49,800 யுவான், பெட்ரோல் எஃப்3-ஐப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் விற்பனை சொற்பம்.

அந்த ஆண்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு கொள்முதலும் நடந்தது. நிங்போ நகரில் நஷ்டத்தில் கிடந்த ஒரு சிப் ஆலையை பிஒய்டி வாங்கியது. மின்சாரக் காரில் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ற மாறுமின்சாரமாக ஆக்கும் சக்தி டிரான்சிஸ்டர்களை அன்று வெளிநாட்டு நிறுவனங்கள்தான் செய்தன. பேட்டரிக்கு அடுத்தபடி காரில் விலை உயர்ந்த மின்பாகம் அதுவே. வீண் செலவு என்று பலர் பேசிய அந்த ஆலையின் பலன், 2021-ல் உலகம் முழுக்க சிப் பஞ்சம் வந்து கார் ஆலைகள் நின்றபோது தெரிந்தது.

முதல் சறுக்கல்

2010-க்கு வைத்த இலக்கு 8 லட்சம் கார். நடுவில் 6 லட்சமாகக் குறைத்தார்கள். கடைசியில் விற்றது சுமார் 5.2 லட்சம். இலக்கை எட்ட டீலர்களின் தலையில் ஸ்டாக்கை ஏற்றினார்கள். ஒரே ஊரில் பல விற்பனைக் கிளைகள், ஒரே காருக்குத் தங்களுக்குள்ளேயே விலை வெட்டு. வட்டி கட்ட முடியாமல் பல நகரங்களில் டீலர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2012-ல் நிறுவனத்தின் நிகர லாபம் வெறும் 8.1 கோடி யுவான்.

எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யும் முறையின் மறுபக்கம் இது. வெளியில் பாகம் வாங்கும் நிறுவனம் விற்பனை குறைந்தால் ஆர்டரைக் குறைத்துவிடலாம். சுமை வெண்டர் தலையில் போகும். சொந்த ஆலையில் இயந்திரத் தேய்மானமும் சம்பளமும் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே எண்ணிக்கை குறையவே கூடாது என்ற நெருக்கடி எப்போதும் இருக்கும். எண்ணிக்கையைத் தக்கவைக்க விலையைக் குறைப்பார்கள். இல்லையேல் டீலரிடம் தள்ளுவார்கள்.

அந்த மெலிந்த ஆண்டுகளில் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் என்ன நடந்தது? கைபேசிப் பாகங்கள் செய்யும் துணை நிறுவனமான பிஒய்டி எலெக்ட்ரானிக் 2007 டிசம்பரிலேயே தனியாக ஹாங்காங்கில் பட்டியலாகியிருந்தது. அதன் பெரிய வாடிக்கையாளர் நோக்கியா சரிந்தபோது அதுவும் ஆடியது. பிளாஸ்டிக் உறையிலிருந்து உலோக உறைக்கு மாறித் தப்பித்தது. உலோக உறையில் ஒரு சிக்கல் உண்டு: அலுமினியம் ரேடியோ அலையை மறைக்கும், ஆன்டெனா வேலை செய்யாது. எனவே அலுமினியத்தின் மேற்பரப்பை அமிலத்தில் அரித்து மிக நுண்ணிய துளைகள் உண்டாக்கி, அச்சில் வைத்து உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்துவார்கள். பிளாஸ்டிக் துளைகளுக்குள் இறங்கி வேர்பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் சேர்த்துக் குடைந்து மெருகேற்றி நிறம் ஏற்ற வேண்டும். துளை போதிய ஆழம் இல்லையென்றால் கைபேசி கீழே விழுந்ததும் இணைப்பு பிளக்கும். நிறமேற்றும் அமிலத் தொட்டியின் வெப்பம் சற்று மாறினாலும் ஒரே பெட்டியில் இரண்டு சாயல் உறைகள் வரும். வாங்குபவர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுவார். லாபம் மெல்லியது, தர எதிர்பார்ப்பு கடுமையானது. 2024 கணக்கில்கூட கார் பிரிவின் மொத்த லாப விகிதம் சுமார் 22 சதவீதம், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் 8 சதவீதம்தான்.

அப்படியானால் ஏன் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்? அங்கே ஆண்டுக்கு ஒரு முறை புதிய மாடல், சில வாரங்களில் லட்சக்கணக்கில் உற்பத்தி. அதைத் தாங்கிப் பழகிய கருவி அறை மற்ற கார் கம்பெனிகளில் அரிது. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது இதன் பொருள் வெளிப்படையாகத் தெரிந்தது. முகக்கவசம் செய்யும் இயந்திரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,300 பாகங்கள். அவற்றில் பத்தில் ஒன்பதைத் தங்கள் பட்டறையிலேயே செய்து, ஏழு நாளில் இயந்திரத்தை ஓடவைத்தார்கள். மார்ச் மாதத்திலேயே நாளொன்றுக்கு 50 லட்சம் முகக்கவசங்கள். ஆனால் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு விற்ற என்95 கவசங்கள் அமெரிக்கத் தரச் சான்றை முதல் முறை பெறவில்லை, ஜூனில்தான் கிடைத்தது.

96 சென்டிமீட்டர் செல்

2017 வாக்கில் சீன அரசின் மின்சாரக் கார் மானியம் ஒரு கிலோ பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்குகிறது என்பதைப் பொறுத்து அமைந்தது. அது நிக்கல், கோபால்ட் கலந்த பேட்டரிக்குச் சாதகம். பிஒய்டி நம்பியிருந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பாதுகாப்பானது, மலிவானது, ஆனால் எடை அதிகம். அந்த இடைவெளியில் சிஏடிஎல் என்ற சீனப் பேட்டரி நிறுவனம் முந்திப் போனது. 2019 நடுவில் மானியமும் பெரிதாக வெட்டப்பட, அந்த ஆண்டு பிஒய்டியின் லாபம் 42 சதவீதம் சரிந்து 161 கோடி யுவான் ஆனது.

2020 மார்ச்சில் வந்த பிளேடு பேட்டரி, வேதியியலை மாற்றாமல் வடிவத்தை மாற்றியது. வழக்கமாகச் செல்களைச் சிறு பெட்டிகளில் அடுக்கி, அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டியில் அடுக்குவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் சுவர், திருகு, ஒயர் உண்டு; மொத்தக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம்தான் உண்மையான செல். பிளேடு செல்லின் நீளம் 96 சென்டிமீட்டர், உயரம் 9, தடிமன் 1.35. காரின் அகலவாட்டில் செல்களை நெருக்கி நிறுத்தினால் நடுப்பெட்டி தேவையில்லை. செல்லே குறுக்கு விட்டமாகச் சுமை தாங்கும். கொள்ளளவில் 60 சதவீதம் செல் ஆகிவிடும். கனமான வேதியியல் இடத்தை மிச்சப்படுத்தி ஈடுகட்டியது.

இந்தியாவில் விற்கும் அட்டோ 3 காரின் பெரிய பேட்டரியை எடுத்துக்கொள்வோம். ஒரு செல் 3.2 வோல்ட், 150 ஆம்பியர் மணி. 126 செல்கள் தொடராக இணைந்தால் 403.2 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 60.48 கிலோவாட் மணி. வீட்டு மீட்டர் கணக்கில் அறுபது யூனிட்டுக்குச் சற்று மேல். தொடராக இருப்பதால் ஒரு செல் பலவீனமானாலும் மொத்த பேட்டரியும் அந்த அளவுக்கே இறங்கும். பழைய முறையில் ஒரு பெட்டியைக் கழற்றி மாற்றலாம். பிளேடில் செல்கள் பசையோடு ஒட்டி நிற்பதால் தெருமுனை மெக்கானிக் கைவைக்கவே முடியாது. அடிப்பகுதி பலமாக அடிபட்டால் முழு பேட்டரியையும் மாற்றச் சொல்ல வாய்ப்பு அதிகம். காப்பீடு எடுக்கும்போது பேட்டரிக்கு என்ன வரையறை என்று படித்துப் பார்ப்பது நல்லது.

ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டிய மற்றொன்று: இந்த வேதியியலில் சார்ஜ் இருபது சதவீதத்துக்கும் எண்பது சதவீதத்துக்கும் நடுவே மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எவ்வளவு மீதம் என்று மின்னழுத்தத்தை வைத்து மட்டும் கணிக்க கணினிக்குக் கடினம். அதனால் திரையில் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கலாம். வாரம் ஒரு முறை நூறு சதவீதம் வரை மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் கணக்கு சரியாகும், செல்களும் ஒரே மட்டத்துக்கு வரும். நிக்கல் பேட்டரிக்குச் சொல்லும் “எண்பதுக்கு மேல் ஏற்றாதே” என்ற அறிவுரையை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுங்குளிரில் சார்ஜ் வேகம் குறையும் என்பது இதன் இன்னொரு குறை.

பிளேடு பேட்டரிக்குக் கிடைத்த விளம்பரம் அடுத்து வந்த ஹைப்ரிடுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைத் தூக்கியது அதுதான். 2021-ல் வந்த சின் பிளஸ் டிஎம்-ஐ தொடக்க விலை 1,05,800 யுவான். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அழுத்த விகிதம் 15.5-க்கு 1, வெப்பத் திறன் 43 சதவீதம். ஏசி கம்ப்ரசர், தண்ணீர் பம்ப் எல்லாம் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜினில் பெல்ட்டே கிடையாது. நகரத்தில் பேட்டரியில் மோட்டார் ஓட்டும். சார்ஜ் குறைந்தால் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். சக்கரத்தோடு தொடர்பு இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கிளட்ச் பூட்டி இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைத் திருப்பும், அதுவும் ஒரே கியரில். பல கியர் கொண்ட பெட்டியே தேவைப்படவில்லை. 8.3 அல்லது 18.3 கிலோவாட் மணி பேட்டரி போதும் என்பதால் செலவு குறைந்தது. எஃப்3டிஎம் 2008-ல் தோற்ற இடம் விலை. அதை இங்கே சரிசெய்தார்கள். 2024-ல் விற்றவற்றில் முழு மின்சாரக் கார் 17.6 லட்சம், பிளக்-இன் ஹைப்ரிட் 24.9 லட்சம்.

மொத்த விற்பனை 2020-ல் சுமார் 4.27 லட்சம். 2022-ல் 18.6 லட்சம், 2023-ல் 30.2 லட்சம். நான்கே ஆண்டில் பத்து மடங்கு. 2022 மார்ச்சில் வெறும் பெட்ரோல் கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். யுபிஎஸ் வங்கி 2023-ல் ஒரு பிஒய்டி சீல் காரை முழுவதும் பிரித்துப் பார்த்து, பாகங்களில் முக்கால் பங்கு நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு என்றும், மேற்கத்திய நிறுவனங்களைவிடச் செலவு 25 சதவீதம் குறைவு என்றும் மதிப்பிட்டது.

கைபேசிக்காரர்கள் எல்லோராலும் முடியுமா?

ஆப்பிள் பத்தாண்டு முயன்று, 2024 பிப்ரவரியில் தன் கார் திட்டத்தைக் கைவிட்டது. ஷாவ்மி அதே ஆண்டு மார்ச்சில் எஸ்யு7 காரை இறக்கி அந்த ஆண்டிலேயே 1.35 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. ஷாவ்மியின் பலம் பிராண்டு, மென்பொருள், கடைகள். பேட்டரியை வெளியே வாங்குகிறது. எஸ்யு7-ன் தொடக்க மாடலில் இருப்பதே பிஒய்டியின் துணை நிறுவனம் செய்த பேட்டரி. எந்த வழி நிலைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் கைபேசி அனுபவம் நேராகக் காருக்குள் வந்துவிடாது என்பதைத் திரை ஒன்றை வைத்தே பார்க்கலாம். சாதாரணக் கைபேசி 35 டிகிரி வெப்பத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று கையேட்டிலேயே இருக்கும். காரின் திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 85 டிகிரியையும் பனியில் மைனஸ் 40-ஐயும் தாங்க வேண்டும். குலுங்கும் சாலையில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட வேண்டும். ஒட்டும் பசை, பற்றவைத்த புள்ளி, இணைப்பான் என்று எல்லாவற்றையும் மாற்றி மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். பிஒய்டி கார்களின் சுழலும் திரை டேப்லெட் அனுபவத்தில் வந்ததுதான், ஆனாலும் டேப்லெட்டை எடுத்து ஒட்டியது அல்ல.

பிஒய்டி எலெக்ட்ரானிக் இன்று காருக்கான திரை, கணினிப் பலகை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பாகங்களையும் செய்கிறது. 2023 இறுதியில் ஜேபில் நிறுவனத்தின் செங்டு, வூஷி நகரக் கைபேசிப் பாக ஆலைகளை சுமார் 220 கோடி டாலருக்கு வாங்கியது. கார் இவ்வளவு வளர்ந்த பிறகும் கைபேசித் தொழிலை விரிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த முறையின் பள்ளிக்கூடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மீண்டும் அதே இடம்

2010-ன் அறிகுறிகள் இப்போது பெரிய அளவில் திரும்புகின்றன. 2024 நவம்பரில், அடுத்த ஆண்டுக்கு விலையை 10 சதவீதம் குறைக்கச் சொல்லி பாகம் கொடுப்போருக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. 2025 மே மாதம் பல மாடல்களுக்கு 34 சதவீதம் வரை விலைக்குறைப்பு. சிறிய கார் சீகல் 55,800 யுவானுக்கு இறங்கியது. வெண்டர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக மின்னணுக் கடன்சீட்டு கொடுத்து மாதக்கணக்கில் நாள் தள்ளுவது பற்றிய விமர்சனமும் வலுத்தது. ஜிஎம்டி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம், இப்படித் தர வேண்டிய பாக்கியையும் சேர்த்தால் 2024 நடுவில் உண்மையான நிகரக் கடன் 32,300 கோடி யுவான் என்று கணக்கிட்டது. பேரேட்டில் கடனே இல்லாதது போலத் தெரிந்தாலும், அந்தக் கடனைச் சிறு வெண்டர்கள்தான் சுமக்கிறார்கள். அவர்கள் தங்கள் தொழிலாளிக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பார்கள் என்ற கேள்வியை விலைக்குறைப்பைக் கொண்டாடுகிறவர்கள் கேட்பதில்லை. 2025 ஜூனில் சீன அரசின் அழுத்தத்தால் பிஒய்டி உட்படப் பெரிய கார் நிறுவனங்கள் 60 நாளுக்குள் பணம் கொடுப்பதாக உறுதியளித்தன. கடன்சீட்டு கைக்கு வந்தாலே கொடுத்ததாகக் கணக்கா, பணமாக மாறினால்தானா என்பதில்தான் அந்த உறுதியின் மதிப்பு இருக்கிறது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டு லாபம் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; 55 லட்சம் என்று வைத்த ஆண்டு இலக்குக்கு 46 லட்சம்தான் விற்றது. வெளிநாட்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியிராவிட்டால் நிலைமை இன்னும் இறுகியிருக்கும்.

வெளிநாட்டில் இந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே ஓர் உரைகல். நோக்கியா 2006-ல் அங்கே ஆலை திறந்த பின், அதற்குப் பாகம் தர பிஒய்டியும் வந்தது. பிஒய்டி இந்தியா 2007-ல் சென்னையில் தொடங்கியது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. பிறகு ஓலெக்ட்ரா என்ற இந்திய நிறுவனத்துடன் சேர்ந்து மின்சாரப் பேருந்து, 2021-ல் இ6 கார், 2022-ல் அட்டோ 3. அட்டோ 3 பாதி கோத்த தொகுதிகளாகச் சீனாவிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்பட்டது. முழுக் காராக இறக்கினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ இறக்குமதி வரி. இப்படித் தொகுதியாக இறக்கினால் அந்த வரியில் ஏறத்தாழ பாதி. பேட்டரி, மோட்டார், சக்தி மின்னணுப் பெட்டி எல்லாமே சொந்தச் சீன ஆலைகளில் செய்தவை என்பதால் காரின் மதிப்பில் பெரும்பகுதி வரிக்குள் வந்துவிடுகிறது. சீனாவில் 1.4 லட்சம் யுவான் அளவில், நம் பணத்தில் சுமார் 16 லட்சம் ரூபாய்க்கு விற்ற கார், இங்கே 33.99 லட்சத்துக்கு அறிமுகமானது அதனால்தான்.

இங்கேயே முழுதாகச் செய்ய ஹைதராபாத்தின் மேகா இன்ஜினியரிங்குடன் சேர்ந்து 100 கோடி டாலர் முதலீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். இந்தியாவுடன் எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு 2020 ஏப்ரலில் மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2023 ஜூலையில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தாய்லாந்தின் ராயோங்கில் 2024 ஜூலையில் ஆண்டுக்கு 1.5 லட்சம் கார் செய்யும் ஆலை திறந்தார்கள். பிரேசிலில் ஃபோர்டு விட்டுச்சென்ற இடத்தில் கட்டிய ஆலையில், ஒப்பந்ததாரர் கூட்டிவந்த 163 சீனத் தொழிலாளர்களை அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் கண்டதாக அந்நாட்டுத் தொழிலாளர் அதிகாரிகள் 2024 டிசம்பரில் அறிவித்து வேலையை நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் 17 சதவீதக் கூடுதல் வரி போட்டிருக்கிறது. அதைத் தவிர்க்க உதவும் ஆலையை ஹங்கேரியின் செகெட் நகரில் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் கார் ஆலையை மட்டும் அங்கே கட்டினால் செலவுச் சலுகை கூடவே போய்விடாது. செல், மோட்டார், சிப், மோல்டு என்று பக்கத்திலேயே நிற்கும் ஆலைக் கூட்டத்திலிருந்து வந்த சலுகை அது. ஷென்சென்னில் 30 ஆண்டில் உருவான அந்தக் கூட்டத்தை ஒவ்வொரு நாட்டிலும் மீண்டும் கட்ட வேண்டும். இல்லையென்றால் பாகங்களைக் கப்பலில் ஏற்றி வரியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.